தடம் சுத்தம் என்று எழுதியவள் நான்தான்

கதிரவா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நாலு நாளைக்கு முன்னால்தான் போனில் பேசினாய். நலமாகத்தான் இருக்கிறாய், மெஸ் சாப்பாடு மட்டும் பிடிக்கவில்லை என்றாய். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னைத் தனியாக ஆய்வுக்கு அனுப்புகிறார்களாம். அதுவும் நம் ஊர் வழியாகப் போகிற எரிவாயுக் குழாயையே உனக்குக் கொடுத்திருக்கிறார்களாம். "நானே கேட்டு வாங்குனேம்மா. அய்யா நடந்த லைனு. பழைய ரெஜிஸ்தர்ல இருந்து எல்லாத்தையும் பாக்கப் போறேன்" என்றாய். பெற்ற அப்பன் வேலை பார்த்த லைனை மகனே ஆய்வு செய்யலாமா என்று உன் ஆபீசில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை பார். உங்கள் கண்காணிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். பிறகு ஒன்று சொன்னாயே, அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. "ட்ரெய்னிங்ல ஆளுக்கு ஒரு விபத்தப் பத்திச் சொல்லச் சொன்னாக. நான் நம்ம முனியசாமி கேஸச் சொன்னேன். தெனமும் ஆள் நடந்து பாக்குற லைன்ல, ரூல்ஸ மதிக்காத ஒருத்தன் ஒரே நாள்ல கரிமூட்டம் போட்டு, தானும் செத்து லைனையும் கெடுத்தான்னு. எல்லாரும் கை தட்டுனாகம்மா."

நான் "ம்" என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்தேன். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. உன்மேல் எனக்குக் கோபம். அப்படிக் கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதில் இன்னும் கோபம். நீ வந்து அந்த ரெஜிஸ்தர்களைத் திறக்கும்போது உன் அய்யாவின் கையெழுத்து அதில் இருக்காது. கீழே போடும் ஒப்பம் மட்டும்தான் அவருடையது. மற்ற எல்லா எழுத்தும் உன் நோட்டுக்கு அட்டை போட்டு உன் பெயரை எழுதிக் கொடுத்த எழுத்து. முதல் பக்கத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். அங்கே நாலு பேர் நடுவில் தெரிந்துகொள்வதைவிட இங்கே என்னிடம் தெரிந்துகொள்.

அந்த வேலை என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் சொல்கிறேன். குழாய் பதிப்பதற்காக நம் காட்டில் சீமைக் கருவேலத்தை வெட்டி, நெடுக ஒரு பட்டையாகச் சுத்தம் செய்தார்கள். குழாய் மண்ணுக்குள் போய்விட்டது. மேலே மஞ்சள் கற்கள் மட்டும் நின்றன. அந்தத் தடத்தில் யாரும் தோண்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. தினமும் ஓர் ஆள் மஞ்சள் கல்லுக்கு மஞ்சள் கல் நடந்து பார்த்து ரெஜிஸ்தரில் எழுத வேண்டும். ஒப்பந்தக்காரர் அந்த வேலைக்கு உன் அய்யாவை வைத்தார். தோண்டல் உண்டா, ஆக்கிரமிப்பு உண்டா, தீ உண்டா, கசிவுச் சத்தம் உண்டா என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர், "என்னய்யா இது, கோழி கிண்டுன மாதிரி" என்று ரெஜிஸ்தரைத் திருப்பி அனுப்பினார். பன்னிரண்டாவது வரை படித்தவள் வீட்டில் இருக்கிறேனே, எனக்கும் பெருமை. "கொண்டாங்க, நான் எழுதுறேன்" என்று வாங்கினேன்.

முதலில் உண்மையாகத்தான் எழுதினேன். அவர் வந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சொல்வார், நான் எழுதுவேன். ஒன்பதாவது கல்லுக்குப் பக்கத்தில் ஆடு அடைத்திருக்கிறார்கள், ஓடைக்கரையில் மண் அரித்திருக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? சூப்பர்வைசர் வண்டியில் வந்து, "எதுக்கு இதையெல்லாம் எழுதி என் தலையில கட்டுறீங்க? எழுதிட்டா நான் மேல பதில் சொல்லணும்" என்று உன் அய்யாவைக் கடிந்துகொள்வார். ஓடைக்கரை மண்ணை அவர்கள் கடைசி வரைக்கும் சரி செய்யவில்லை. எழுதியவன்தான் குற்றவாளி என்று இரண்டு மூன்று தடவை பட்டதும் நான் தெளிந்துவிட்டேன். நாலு கட்டத்திலும் "இல்லை", குறிப்பில் "தடம் சுத்தம்". எழுத எழுதக் கை பழகிவிட்டது. அய்யாவுக்கு முழங்கால் வீக்கம் வந்த பிறகு பாதித் தூரம் நடப்பார். சித்திரை வெயிலில் அதுவும் நடக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன் என்றால் அடுத்த சனி வரைக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒரு ஐப்பசியில் அப்படி எழுதி வைத்த வாரத்தில் கண்மாய் உடைந்து, ஊரே மூன்று நாள் தண்ணீரில் நின்றது. ரெஜிஸ்தரில் உன் அய்யா மூன்று நாளும் காலை ஆறரைக்குக் கிளம்பி முழுத் தூரமும் நடந்திருக்கிறார். மேலே இருந்து வந்து பார்த்தவர்கள் அதற்கும் பச்சை மையில் டிக் அடித்துவிட்டுப் போனார்கள். பாதுகாப்பு வாரத்தில் சிறந்த பராமரிப்பு என்று ரெஜிஸ்தருக்குப் பரிசு வேறு கொடுத்தார்கள். உன் அய்யாவுக்குச் சால்வை போட்டு ஒரு ஹாட்பாக்ஸ். அதில்தான் நீ கல்லூரிக்குச் சப்பாத்தி கொண்டு போனாய்.

இனி உன் மாமனின் மூட்டம். என் கூடப் பிறந்தவன், உனக்குக் காது குத்த மடியில் வைத்திருந்தவன், அதனால் இதுவரை வாயைத் திறக்கவில்லை. விறகை அடுக்கி மண் பூசி நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுக்கிற தொழிலுக்குச் சமதரையும் லாரி வர வழியும் வேண்டும். கருவேலங்காட்டுக்குள் அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது? குழாய்த் தடம் ஒன்றுதான் துடைத்து வைத்த களம் மாதிரிக் கிடக்கிறது. "மச்சான் பாக்குற லைன்தானக்கா, யாரு கேக்கப் போறா" என்று வந்து நின்றான். உன் அய்யா முதலில் மாட்டேன் என்றார். நான்தான் "ஒரு மூட்டம்தானே, போட்டுட்டுப் போகட்டும்" என்றேன். ஒன்று நாலாயிற்று, நாலு எத்தனையோ ஆயிற்று. எல்லாம் அந்த ஓடைக்கரைப் பக்கம், மழை அரித்துக் குழாய்க்கு மேல் மண் குறைந்து போயிருந்த இடத்தில். குழாய்மேல் துரு பிடிக்காமல் ஒரு பூச்சு இருக்குமாமே, சூடு பட்டுப் பட்டு அது போயிருக்கிறது. நம் மண்ணோ உவர் மண், குழாயைத் துரு அரித்துவிட்டது. இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மூட்டம் புகைகிற நாளிலும் தீ என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுத வேண்டும் என்பது மட்டும்தான்.

ஆய்வுக்கு ஆட்கள் வராமல் இல்லை. வருவதற்கு நாலு நாள் முன்பே சூப்பர்வைசருக்குத் தகவல் வந்துவிடும், அவர் நமக்குச் சொல்லிவிடுவார். மாமன் மூட்டத்தைப் பிரித்து அள்ளிக்கொண்டு போவான். சாம்பல்மேல் ஒரு டிராக்டர் மண்ணைத் தட்டி நிரவுவோம். வந்தவர்கள் காரை விட்டு இறங்காமலே கல்லை எண்ணிக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு தடவை ஒரு சின்னப் பெண் வந்தாள், இப்போது உனக்கு இருக்கிற வயதுதான் இருக்கும். வெயிலில் இறங்கி நடந்தாள். ஓடைக்கரையில் நின்று செருப்பு முனையால் மண்ணைக் கிளறினாள், கருப்பாக வந்தது. அவர்களுக்கு மோர் கொண்டு போயிருந்த என்னைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டாள். "வத்தல் எடுத்து முடிச்ச மிளகாய்ச் செடியப் போட்டு எரிச்சதுங்க தாயி, அங்கிட்டு காட்டுல எரிச்சது காத்துல வந்து விழுந்திருக்கு" என்றேன். மிளகாய்க்காடு சுற்றிலும் இருக்கிறதே, நம்பினாள். நம்பிவிட்டு மோருக்கு நன்றி சொன்னாள். அந்தப் பெண் என்னிடம் கேட்காமல் ஒரு மண்வெட்டி வாங்கி ஒரு முழம் தோண்டியிருந்தால் முனியசாமி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். நீ போகிற இடத்தில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. முக்கியமாக மோர் கொடுக்கிறவர்களிடம் கேட்காதே.

முனியசாமி யார் என்று உனக்குக் கை தட்டியவர்களிடம் சொன்னாயா? அவன் மூட்டத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. உன் மாமனிடம் கூலிக்குக் காவல் கிடந்தவன். மூட்டம் எந்தப் பக்கமாவது வாய் பிளந்து தீப்பிடித்தால் கரியெல்லாம் சாம்பலாகிவிடும், அதனால் பகலும் இரவும் பக்கத்திலேயே இருந்து மண் அப்ப ஆள் வேண்டும். அவன் தீயில் சிக்கியதற்கு இரண்டு நாள் முந்தி, நான் வாசலில் வத்தல் காயப்போட்டுக் கொண்டிருந்தேன். வேர்த்து விறுவிறுத்து வந்தான். "யக்கா, அண்ணன் இருக்காகளா? மண்ணுக்குள்ள இருந்து சீத்து சீத்துன்னு சத்தம் கேக்குதுக்கா. வாடை ஒண்ணுமில்ல. ஆனா அங்கன இருந்த புல்லெல்லாம் வெளுத்துப் போச்சு. எனக்குப் பயமா இருக்கு" என்றான். உன் அய்யா பரமக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். "வந்ததும் சொல்றேன் போ. மூட்டத்த விட்டுட்டு இங்கன நிக்காத, எந்தம்பி வையப் போறான்" என்று அவனைத் திருப்பி அனுப்பினேன்.

ஒவ்வொரு மஞ்சள் கல்லிலும் போன் நம்பர் எழுதியிருக்கிறது. என் கையிலும் போன் இருந்தது. கூப்பிட்டிருந்தால் வண்டி வந்திருக்கும், வால்வை மூடியிருப்பார்கள். வந்தவர்கள் உன் மாமனின் மூட்டத்தையும் பார்த்திருப்பார்கள், அய்யாவின் வேலை அன்றைக்கே போயிருக்கும். அதனால் கூப்பிடவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். "இன்னும் ரெண்டு மூணு நாள்ல மூட்டத்தப் பிரிச்சிருவான். பிரிச்சு மண்ணத் தள்ளிட்டு அப்புறமா சத்தம் கேக்குதுன்னு நாமளே எழுதுவோம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைய பக்கத்தில் கசிவுச் சத்தம் என்ற கட்டத்தில் ஏற்கனவே "இல்லை" என்று எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தவில்லை. மறுநாளும் அப்படியே விட்டேன்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியசாமி மூட்டத்தின் ஒரு மூலையைக் கிளறியிருக்கிறான். உள்ளே இருந்த கங்கு கசிந்த வாயுவில் பட்டிருக்கிறது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஓடைக்கரைப் பக்கம் தீ நிமிர்ந்து நின்றது. பனையைவிட உயரம். சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. ஊரே ஓடியது, நான் ஓடவில்லை. வீட்டுக்குள் போய் ரெஜிஸ்தரை எடுத்து முந்தின நாள் வரைக்கும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, இத்தனை வருஷமாக. முனியசாமி மதுரை பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து செத்தான்.

விசாரணைக்குப் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். உன் மாமன் திருப்பூருக்குப் போய்விட்டான். மூட்டம் யாருடையது என்று கேட்டபோது சூப்பர்வைசர் முனியசாமியைச் சொன்னார், உன் அய்யா தலையை ஆட்டினார். எப்போது போட்டது என்றார்கள். ரெஜிஸ்தரைக் காட்டினார்கள். விபத்துக்கு முந்தின நாள் காலை வரைக்கும் தடம் சுத்தம். அப்படியென்றால் முந்தின நாள் சாயங்காலம் திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறான், தவறு அவனுடையது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டிக்கு ஒரு நஷ்டஈடும் இல்லை. செத்தவன் மேலேயே வழக்கும் பதிந்தார்கள். அந்த அதிகாரிகளுக்குக் கரிமூட்டம் என்றால் என்ன என்று தெரியாது, விடு. உனக்குத் தெரியாதா? விறகு அடுக்கவே இரண்டு நாள் ஆகும், அப்புறம் மண் பூச வேண்டும், அப்புறம்தான் தீ வைப்பார்கள், புகைந்து முடிய ஒரு வாரம். இந்த மாவட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் மூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். ஒரே நாளில் மூட்டம் போட்டான் என்று ஒரு காகிதம் சொன்னது, நீ அதை மேடையில் ஏறிச் சொல்லியிருக்கிறாய். எஞ்சினியரிங் படித்து என்னத்தைக் கிழித்தாய்? அந்தத் தடத்தில் சட்டம் சொன்னபடி நடந்துகொண்டது ஒரே ஓர் ஆள்தான். சத்தம் கேட்டது, வந்து சொன்னான். அவனைத்தான் நீ சட்டத்தை மதிக்காதவன் என்றாய்.

நீ போன் பேசிய மறுநாள் உன் அய்யாவிடம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "பய இப்பத்தான் தலையெடுக்குறான். அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறியாக்கும்?" என்றார். "முனியசாமி பொழப்புல போட்டது பத்தாதா?" என்றேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அவருக்கு ஜெயில் பயம். எனக்கும் இருக்கிறது. ஆனால் நீ வந்து அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவாயிற்றே என்று பக்கத்தை மூடிவிட்டுப் போவாயோ என்றுதான் அதைவிடப் பயமாக இருக்கிறது. இல்லையென்றால் வயிற்றுவலி என்று லீவு போட்டு வேறு ஒருவன் தலையில் கட்டிவிடுவாய். அவன் காரை விட்டு இறங்க மாட்டான். நீயே என்னைக் காட்டிக்கொடு. முடியாது என்றால், இது என் வீட்டு எழுத்து என்று உன் ஆபீசில் சொல்லி, இந்தக் கடிதத்தை மேலே கொடுத்துவிட்டு ஒதுங்கு. இரண்டில் ஒன்றைச் செய். இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஒன்றும் இல்லை.

எழுத உட்காருவதற்கு முன்னால் முனியசாமி பெண்டாட்டி பஞ்சவர்ணத்தைப் பார்க்கப் போனேன். நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் வாசலை நான் மிதித்ததில்லை. நூறுநாள் வேலை முடிந்து வந்து கால் கழுவிக் கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் காலைக் கழுவி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது எனக்குத் தெரியாதாக்கா? அம்புட்டு நாளும் அவருக்கு அங்கன சோறு கொண்டு போனவ நான்தான. ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டு வந்தேன்னு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. வெசாரணைல நானும் சொன்னேன், ஒரு வாரமா மூட்டம் கெடக்கு, ஒங்க வீட்டுல சொல்லியாச்சுன்னு. எழுதி வச்ச ரெஜிஸ்தர் இருக்கு, ஒன் பேச்ச எப்பிடி நம்புறதுன்னாக. எம் பேச்சுக்கு எதுக்க நின்னது ஒங்க எழுத்துதான்கா."

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது எனக்காகக் கேட்டதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து இதை இரண்டு பிரதியாக எழுதினேன். உனக்கு அனுப்புவது ஒன்று. இன்னொன்றில் என் முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டு இன்று காலை பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அவள் மகள் படித்துக் காட்டினாள். அதனால் இனிமேல் நீ பக்கத்தை மூடினாலும் மூடாவிட்டாலும் ஒன்றுதான். ஆய்வுக்கு நீ வருகிற அன்றைக்கு ஓடைக்கரையில் அவள் அந்தக் காகிதத்தோடு நிற்பாள். வெயிலில் நிற்க வைத்துப் பேசாதே. உட்காரச் சொல்லி, அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்.

அம்மா